ஹெட்லைட் மாத்தின கதை

எங்கள் வீட்டில் எலெக்ட்ரிகல் படிக்கப் போன முதல் ஆள் நான். அதனால் மிக்ஸி ஓடவில்லை, ஃபேன் சத்தம் போடுகிறது, பெரியப்பா வீட்டு மோட்டார் ஸ்டார்ட்டர் ட்ரிப் ஆகிறது, எல்லாமே என் தலையில்தான். காலேஜில் நாங்கள் அதுவரைக்கும் படித்தது ஃபூரியர் தொடர் என்று சொன்னால் யார் நம்புகிறார்கள்? "நாலு லட்சம் கட்டிப் படிக்க வச்சா ஒரு ஃபேன் மாட்டத் தெரியாதா" என்பார் பெரியப்பா. அந்தப் பெருமையைக் காப்பாற்றப் போய் நான் மாட்டிக்கொண்ட கதை இது. கொஞ்சம் இயற்பியல் வரும். நம்ம க்ளாஸ் மக்கள் கொட்டாவி விடாமல் படிக்கவும்.

2024 தீபாவளி சமயம். நான் அப்போது இரண்டாம் வருஷம். எங்கள் ஊர் ஆண்டிபட்டி பக்கம். அப்பாவுக்கு விசைத்தறிச் சேலை வியாபாரம். நெய்தவர்களிடம் வாங்கி மதுரையில் கடைகளுக்குப் போடுவார். வாரம் இரண்டு நடை, தீபாவளி நெருங்கினால் தினமும். சுமார் 60 கிலோமீட்டர். காலையில் போய்ப் பணம் வசூலித்துத் திரும்பும்போது எப்படியும் இருட்டிவிடும். செக்கானூரணி, உசிலம்பட்டி தாண்டிக் கணவாய் ஏறி இறங்கினால் ஊர். வழியில் புளியமரங்கள், வெள்ளைப் பட்டை அடித்தவை பாதி, அடிக்காதவை பாதி. ரோட்டோரத்தில் ஆடு, மாடு, டிராக்டர் (பின்னால் ஒரு சிவப்பு விளக்குகூட இல்லாமல்), நடந்து போகும் மனிதர்கள்.

அப்பா ஒருநாள் சாப்பிடும்போது சொன்னார். "தம்பி, கார்ல லைட்டு ரொம்ப மங்கிப் போச்சுடா. ஏழு மணிக்கு மேல ஒண்ணும் தெரியமாட்டேங்குது. எதிர்ல வர்றவய்ங்க ஒருத்தனும் டிம் பண்ண மாட்டேங்கிறாய்ங்க."

அதே வாரம் இன்னொன்றும் நடந்தது. கறுப்பு பார்டர் கேட்ட கடைக்கு நீல பார்டர் சேலை ஒரு கட்டுப் போய்விட்டது என்று கடைக்காரர் போனில் சத்தம் போட்டார். கட்டுப் போட்ட பையனை அப்பா திட்டினார். பிரித்தது அப்பாதான் என்பது எனக்குத் தெரியும். யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நானும்தான்.

எங்களுடையது பன்னிரண்டு வருஷப் பழைய சின்னக் கார். ஹெட்லைட்டில் ஹெச்-4 என்ற ஹாலோஜன் பல்பு. நம் ஊரில் ஓடும் பழைய கார்களில் முக்கால்வாசி இதுதான். பிரைட் 60 வாட்ஸ், டிம் 55 வாட்ஸ். கண்ணாடிக் குப்பிக்குள் டங்ஸ்டன் இழை, கூடவே கொஞ்சம் அயோடினோ புரோமினோ. சூட்டில் ஆவியாகும் டங்ஸ்டனை அந்த வாயு பிடித்து மறுபடி இழையிலேயே கொண்டுபோய்ச் சேர்க்கும். அதனால்தான் சாதா பல்பு மாதிரி உள்ளே கறுத்துப் போவதில்லை. அழகான ஏற்பாடு. ஆனால் எனக்கு அப்போது அது தாத்தா காலத்துச் சமாச்சாரமாகத் தெரிந்தது. எல்.இ.டி. இருக்கும்போது இழையைச் சூடாக்கி வெளிச்சம் எடுப்பதா?

மதுரையில் உதிரிபாகக் கடைக்குப் போனேன். கடைக்காரர் மூன்று வழி சொன்னார். முதலாவது 100/90 வாட்ஸ் ஹாலோஜன், விலை மலிவு. ஹோல்டர் உருகி வயர் கருகிய கதைகளை ஏற்கெனவே கேட்டிருந்ததால் வேண்டாம் என்றேன். இரண்டாவது ஹெச்.ஐ.டி. அதில் இழையே கிடையாது. செனான் வாயுவுக்குள் மின்பொறி. பற்றவைக்க இருபதாயிரம் வோல்ட்டுக்கு மேல் ஒரு தட்டு தட்ட வேண்டும், அதற்கு ஒரு பெட்டி தனியாக. பயமாக இருந்தது. மூன்றாவது எல்.இ.டி. "இருபதாயிரம் லூமன்ஸ் தம்பி. ரோடு பகல் மாதிரி இருக்கும். அப்படியே கழட்டி மாட்டுங்க, அவ்வளவுதான்."

ஹெச்-4 பல்பு டிம்மில் கொடுப்பது சுமார் 1000 லூமன், பிரைட்டில் 1650. வாட்டுக்கு 100 லூமன் என்று தாராளமாக வைத்தாலும் இருபதாயிரத்துக்கு 200 வாட்ஸ் வேண்டும். விரல் கட்டைத் தண்டியில் இருக்கும் சாமான் 200 வாட்ஸ் இழுத்தால் அதில் முட்டை பொரிக்கலாம். எலெக்ட்ரிகல் மாணவன் கடையிலேயே இந்தக் கணக்கைப் போட்டிருக்க வேண்டும். போடவில்லை. 2,400 ரூபாயை எண்ணிக் கொடுத்தேன். ஸ்காலர்ஷிப் காசு.

மாட்ட இருபது நிமிஷம். சாயங்காலம் காரை வீட்டுச் சுவரைப் பார்த்து நிறுத்தி லைட்டைப் போட்டேன். அடேயப்பா! தெருவே வெள்ளை. அம்மா, "என்னடா கல்யாண வீடு மாதிரி இருக்கு" என்றார். பக்கத்து வீட்டுப் பசங்க வந்து நின்று வேடிக்கை பார்த்தார்கள். அப்பா ஒன்றும் சொல்லாமல் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் தோளில் ஒரு தட்டு. எங்கள் அப்பா தோளில் தட்டுவது வருஷத்துக்கு ஒருமுறை நடக்கிற விஷயம் என்பதை இங்கே பதிவு செய்கிறேன் :-)

நாலைந்து நாள் நன்றாகத்தான் போனது. "இப்ப எப்படிப்பா இருக்கு?" என்றால் "காருக்கு முன்னால பளிச்சுன்னு இருக்குடா" என்பார். ஒன்று மட்டும் சொன்னார். "வர்றவன் போறவன் எல்லாம் எனக்கு லைட்ட அடிச்சு அடிச்சுக் காட்டுறாய்ங்க." நான் சிரித்தேன். பொறாமைப்பா என்றேன்.

அடுத்த வாரம் சனிக்கிழமை. தோட்டத்துக்கு த்ரீ ஃபேஸ் கரண்ட் ராத்திரிதான் வரும். மோட்டார் போட்டு மடை திருப்ப பெரியப்பா கிளம்பினார். நான் டி.வி.எஸ். எக்ஸெல்லை ஓட்ட, அவர் பின்னால் மண்வெட்டியோடு. மதுரை ரோட்டில் கிழக்கே ஒன்றரை கிலோமீட்டர் போய் இடதுபக்கம் மண்பாதையில் இறங்க வேண்டும். மணி எட்டரை இருக்கும். லேசாகத் தூறல்.

எதிரே ஒரு வெள்ளை வெளிச்சம் வந்தது. முதலில் லாரி என்று நினைத்தேன். கிட்டே வர வர வெளிச்சத்தைத் தவிர உலகத்தில் எதுவுமே இல்லை. ரோட்டின் ஓரக்கோடு இல்லை, மரம் இல்லை, என் வண்டியின் விளக்கு எங்கே விழுகிறது என்றுகூடத் தெரியவில்லை. கண்ணைச் சுருக்கினால் இன்னும் மோசம். ஈர ரோடு வேறு கண்ணாடி மாதிரி அதையே திருப்பி அடித்தது. இடதுபக்கம் ஒடித்தேன். தார் முடிந்து மண்ணுக்கு அரை அடிப் பள்ளம். வண்டி சரிந்து இரண்டு பேரும் விழுந்தோம். என் முன்னால் கையெட்டும் தூரத்தில் ஒரு புளியமரம் நின்றது. பட்டை அடிக்காத மரம்.

"எந்தக் கிறுக்குப்பய..." என்று பெரியப்பா ஆரம்பித்தார். நான் திரும்பிப் பார்த்தேன். காரின் இடதுபக்கப் பின்விளக்கு உடைந்து, சிவப்பு ஒட்டுத்தாள் ஒட்டியிருந்தது. ஒட்டியது நான்.

பெரியப்பாவிடம் அப்போது சொல்லவில்லை. அவர் முழங்காலில் ரத்தம். மோட்டார் போட்டு, மடை திருப்பி, வீடு திரும்ப மணி பத்தரை. அப்பா சாப்பிட்டுக் கொண்டிருந்தார். நான் சாதாரணமாகக் கேட்பது போலக் கேட்டேன், "வர்ற வழியில எதுவும் பாத்தீங்களாப்பா?"

"இல்லையே. ஏன்? நல்லா ஃப்ரீயா வந்தேன். உசிலம்பட்டி தாண்டுனதுல இருந்து ரோடு காலியாத்தான் கெடந்துச்சு."

வாசலில் கால் கழுவிக்கொண்டிருந்த பெரியப்பா நிமிர்ந்தார். அவருக்கு அப்போதுதான் புரிந்திருக்க வேண்டும். "காலியாவாடா கெடந்துச்சு?" என்று மட்டும் கேட்டார். அப்பா என்னைப் பார்த்தார், அண்ணன் முழங்காலைப் பார்த்தார், கையை உதறிவிட்டு எழுந்துவிட்டார். அன்று வீட்டில் அதற்கு மேல் பேச்சில்லை.

எனக்கு ராத்திரி முழுக்க ஒரே கேள்வி. நாங்கள் கண் கூசி விழுந்தது சரி, அது என் பல்பின் குற்றம். ஆனால் அவ்வளவு வெளிச்சத்தைப் போட்டுக்கொண்டு வந்த அப்பாவுக்கு, விளக்கு எரிந்துகொண்டிருந்த ஒரு எக்ஸெல்லும் இரண்டு ஆட்களும் எப்படித் தெரியாமல் போனார்கள்?

முதல் பாதிக்கு விடை காலையிலேயே கிடைத்தது. பழைய ஹாலோஜனைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு முதல்முறையாக ஒழுங்காகப் பார்த்தேன். (கண்ணாடியைத் தொடாமல். விரல் எண்ணெய் பட்ட இடம் அதிகம் சூடாகிப் பல்பு சீக்கிரம் போகும்.) உள்ளே இரண்டு இழை. டிம் இழைக்கு அடியில் மட்டும் ஒரு குட்டித் தகரக் கிண்ணம். அந்த இழையின் வெளிச்சம் கீழ்ப்பக்கம் போகாமல் கிண்ணம் மறைத்துவிடும். ஹெட்லைட்டின் குழிக்கண்ணாடியில் மேல்பாதியில் மட்டும் பட்டு, அங்கிருந்து சரிந்து ரோட்டில் விழும். கீழ்ப்பாதியில் பட்டிருந்தால் மேலே கிளம்பி எதிரே வருபவர் கண்ணுக்குப் போயிருக்கும். கிண்ணத்தின் ஒரு ஓரம் சாய்வாக வெட்டப்பட்டிருக்கும். அதனால்தான் நமக்கு இடதுபக்க ஓரம் மட்டும் கொஞ்சம் கூடுதல் தூரம் தெரிகிறது. ஐந்து பைசாத் தகரம் மாதிரி இருக்கிற சாமான், இவ்வளவு வேலை பார்க்கிறது!

அதாவது, ஹெட்லைட் என்பது பல்பு மட்டும் இல்லை. இழை எங்கே இருக்கிறதோ அந்த இடத்துக்கு மில்லிமீட்டர் கணக்கில் பார்த்து அந்தக் குழிக்கண்ணாடியை வடிவமைத்திருக்கிறார்கள். நான் வாங்கியதில் இழை இல்லை. ஒரு பட்டைத் தகட்டின் இரண்டு பக்கமும் சில்லுகள். தகட்டுக்கு ஒரு தடிமன் இருக்கிறது. ஆகவே வெளிச்சம் கிளம்புகிற இடமும் வேறு, வடிவமும் வேறு. குழிக்கண்ணாடிக்கு இது என்னவென்றே தெரியாது, கண்டபடி தெறிக்கும். (கம்பெனியிலேயே எல்.இ.டி. ஹெட்லைட்டோடு வரும் கார்களை நான் குறை சொல்லவில்லை. அவற்றில் கண்ணாடியும் லென்ஸும் அந்தச் சில்லுக்காகவே செய்தவை.)

சந்தேகம் தீர, காரைச் சுவரிலிருந்து 25 அடி தள்ளி நிறுத்தினேன். ஹெட்லைட்டின் உயரத்தில் சுவரில் சாக்பீஸ் கோடு. ஒரு பக்கம் ஹாலோஜன், இன்னொரு பக்கம் எல்.இ.டி. ஹாலோஜன் பக்கம் கோட்டுக்குக் கீழே வெளிச்சம், மேலே இருட்டு, கத்தியால் வெட்டியது மாதிரி. எல்.இ.டி. பக்கம் கோடும் இல்லை ஒன்றும் இல்லை. மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவர் வரைக்கும் வெள்ளை. நான் ரசித்த "கல்யாண வீடு" அதுதான்.

மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989-இல் 106-ஆவது விதி இதைத்தான் சொல்கிறது. விளக்கிலிருந்து 8 மீட்டர் தள்ளி, ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருக்கும் கண்ணைக் கூசச் செய்யாதபடி வெளிச்சம் நிரந்தரமாகக் கீழே சாய்ந்திருக்க வேண்டும். அந்தக் காலத்தில் ஹெட்லைட் நடுவில் கறுப்பு பெயின்ட் அடித்திருப்பார்கள், இல்லாவிட்டால் போலீஸ்காரரே நிறுத்தி அடித்துவிடுவார் என்று அப்பா சொல்லியிருக்கிறார். நான் அதைக் கிண்டல் செய்தவன்.

இன்னொன்றும் தெரிந்தது. காருக்கு நேர் முன்னால் பத்துப் பதினைந்து மீட்டர் பளிச்சென்று இருந்தால் கண் அந்த வெளிச்சத்துக்குப் பழகிக்கொள்ளும். அப்புறம் தூரத்து இருட்டு இன்னும் இருட்டாகத்தான் தெரியும். மணிக்கு 80-இல் போனால் ஒரு நொடிக்கு 22 மீட்டர். திடுக்கிட்டு பிரேக்கில் கால் வைக்க ஒன்றரை நொடி என்றால் அதிலேயே 33 மீட்டர் போச்சு. பிறகு காய்ந்த ரோட்டில் நிற்க இன்னும் 35 மீட்டருக்கு மேல். ஆக, முன்னால் எவ்வளவு பளிச்சென்று இருக்கிறது என்பதில் ஒன்றும் இல்லை. எழுபது மீட்டருக்கு அப்பால் என்ன தெரிகிறது என்பதில்தான் எல்லாம்.

எல்.இ.டி.யைக் கழற்றினேன். பழைய ஹாலோஜன் நிஜமாகவே ஏன் மங்கல் என்று பார்க்க மல்டிமீட்டரை எடுத்தேன். எஞ்சின் ஓடும்போது பேட்டரியில் 14.1 வோல்ட். பல்பு முனையில் 12.4. மீதி எங்கே? மெல்லிசான வயர் ஸ்டியரிங் சுவிட்ச் வரைக்கும் போய்ச் சுற்றிக்கொண்டு வருகிறது, பன்னிரண்டு வருஷத் துரு வேறு. இழை பல்பில் வோல்டேஜ் பத்து சதவீதம் குறைந்தால் வெளிச்சம் முப்பது சதவீதம் குறையும். என் கணக்குப்படி எங்கள் காரின் வெளிச்சத்தில் மூன்றில் ஒரு பங்கு வயரிலேயே போய்க்கொண்டிருந்தது. இரண்டு ரிலே, ஒரு ஃபியூஸ், கொஞ்சம் தடித்த வயர், பேட்டரியிலிருந்து நேராக. ரிலேயில் 30, 85, 86, 87 என்று நம்பர் போட்டிருக்கும். லேபில் எத்தனை தடவை தப்பாகக் கொடுத்து ஃபியூஸை எரித்திருப்பேன், வீட்டில் ஒரே தடவையில் சரியாக வந்தது. பல்பு முனையில் 13.7.

அடுத்து ஹெட்லைட்டின் முகப்பு. கண்ணாடி இல்லை, பாலிகார்பனேட். வெயில் பட்டுப் பட்டுப் பழுத்த எலுமிச்சை மாதிரி மஞ்சளாகிக் கிடந்தது. தெரிந்த டிங்கர் பட்டறை அண்ணன் வாட்டர் பேப்பர் கொடுத்தார். 800, 1500, 2000 என்று வரிசையாகத் தண்ணீர் விட்டுத் தேய்த்து, கடைசியில் பாலிஷ். கை ஒடிந்துவிட்டது. ஆனால் தெளிந்தது. புதிதாக ஒரு ஜோடி சாதாரண 60/55 பல்பு. மொத்தச் செலவு 1,100 ரூபாய்க்குள்.

ராத்திரி நான் ஓட்டிப் பார்த்தேன். பிரமாதம். இடதுபக்க மரங்கள் ஒவ்வொன்றாக, முன்கூட்டியே தெரிந்தன. அப்பாவிடம் சாவியைக் கொடுத்துப் பக்கத்தில் உட்கார்ந்தேன். கணவாய் வரைக்கும் போய்த் திரும்பலாம் என்றேன்.

மூன்று கிலோமீட்டர்கூடப் போகவில்லை. ரோட்டோரம் ஒருவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார். எனக்கு எப்போதோ தெரிந்துவிட்டது. அப்பா வேகத்தைக் குறைக்கவே இல்லை. எதிரே ஒரு பஸ் வேறு, ஒழுங்காக டிம் பண்ணித்தான் வந்தது. "பாருடா, டிம் பண்ண மாட்டேங்கிறான்" என்று அப்பா கண்ணைச் சுருக்கினார். "அப்பா, சைக்கிள்!" என்று கத்தினேன். ஒடித்தார்.

ஓரமாக நிறுத்தச் சொன்னேன். "எதிர்ல லைட் வந்தா எப்படித் தெரியுதுப்பா உங்களுக்கு?"

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "சுத்தி வட்டம் வட்டமா வருதுடா. பஞ்சு மாதிரி. ரெண்டு வருஷமா இருக்கு" என்றார்.

ரெண்டு வருஷம். வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. வண்டி ஓட்ட வேண்டாம் என்று சொல்லிவிடுவோமோ என்று பயம். டிரைவர் வைத்தால் கட்டுப்படியாகிற வியாபாரம் இல்லை அது. "லைட்டு மங்கல்" என்று சொல்வது சுலபம், கண் மங்கல் என்று சொல்வது கஷ்டம். அன்றைக்கு நான்தான் ஓட்டிக்கொண்டு திரும்பினேன்.

மதுரை அரவிந்துக்குக் கூட்டிப் போனோம். 1976-இல் டாக்டர் ஜி.வெங்கடசாமி 11 படுக்கைகளோடு ஆரம்பித்த ஆஸ்பத்திரி. அப்பாவுக்கு வயது 56. இரண்டு கண்ணிலும் புரை. டாக்டரம்மா என்னிடம் விளக்கினார். கண்ணுக்குள் இருக்கும் லென்ஸில் புரதம் திரண்டு, மஞ்சளாகி, உள்ளே வரும் வெளிச்சத்தைச் சிதறடிக்கும். எதிரே விளக்கு வந்தால் அதைச் சுற்றி வட்டம் தெரியும், மற்றதெல்லாம் அதில் கரைந்துவிடும். புரை இல்லாவிட்டாலும்கூட, அறுபது வயதுக் கண்ணின் விழித்திரைக்குப் போய்ச் சேரும் வெளிச்சம் இருபது வயதுக் கண்ணில் சேர்வதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான்.

நான் என் விரல்களைப் பார்த்தேன். வாட்டர் பேப்பர் தேய்த்த கொப்புளம் இன்னும் ஆறவில்லை.

கறுப்பு பார்டர், நீல பார்டர் கதை அப்போதுதான் ஞாபகம் வந்தது. மஞ்சள் லென்ஸ் வழியாகப் பார்த்தால் கருநீலம் கறுப்பாகத்தான் தெரியும். கட்டுப் போட்ட பையனிடம் அப்பா பிறகு மன்னிப்புக் கேட்டாரா என்று தெரியாது. தீபாவளிக்கு அவனுக்குக் கூடுதலாக ஒரு சட்டை எடுத்தார்.

தீபாவளி முடியும்வரை லீவு நாட்களில் நான் ஓட்டினேன், மற்ற நாட்களில் இருட்டுவதற்குள் திரும்பிவிடுவது என்று ஏற்பாடு. வசூல் கொஞ்சம் அடிபட்டது. தை மாசம் வலது கண்ணுக்கு ஆபரேஷன், ஒரு மாசம் கழித்து இடது. உள்ளே வைத்த லென்ஸ் மதுரையிலேயே செய்தது. 1992-இல் ஆரோலேப் என்று தொடங்கி உள்விழி லென்ஸை இங்கேயே தயாரிக்க ஆரம்பித்ததால்தான் விலை நம் கைக்கு எட்டுகிறது. அதற்கு முன்னால் இறக்குமதிதான். ஊர் ஊராகக் கண் முகாம் போடும்போதெல்லாம் இந்த லென்ஸ் என் கவனத்துக்கே வந்ததில்லை.

கட்டுப் பிரித்த அன்று அப்பா முதலில் தன் வேட்டியைப் பார்த்தார். "இது இவ்வளவு வெள்ளையாடா?" அப்புறம் ஒற்றைக் கண்ணை மாற்றி மாற்றி மூடித் திறந்து பார்த்தார். ஆபரேஷன் செய்த கண்ணில் வெள்ளை, செய்யாத கண்ணில் டீத்தண்ணிக் கலர் என்று சொல்லி அவரே சிரித்தார். வீட்டுக்கு வந்ததும் ஸ்டாக் முழுவதையும் எடுத்துப் பிரித்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

டாக்டர் சரி என்று சொன்ன பிறகு, பங்குனியில் ஒரு ராத்திரி அப்பாவே மதுரையிலிருந்து ஓட்டிக்கொண்டு வந்தார். நான் பக்கத்தில். உசிலம்பட்டி தாண்டியதும், நான் கவனிப்பதற்கு முன்பே, "முன்னால ஒரு டிராக்டரு, லைட்டு இல்லாம போறான் பாரு" என்று டிம்-பிரைட் அடித்துக் காட்டினார்.

அந்த 2,400 ரூபாய் பல்பு இரண்டும் அட்டைப்பெட்டியில் கிடந்தன. நம்ம க்ளாஸில் ஒருவன் ஆயிரத்துக்குக் கேட்டான், அவன் அண்ணன் காருக்காம். கொடுக்கவில்லை, அவனுக்குக் கோபம். போன மாசம் பெரியப்பா வந்து ஒன்றை வாங்கிப் போனார். தோட்டத்து மோட்டார் ரூமில் பழைய பேட்டரி ஒன்றோடு சேர்த்துக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன். கரண்ட் போனால் ஸ்டார்ட்டர் பார்க்க வசதியாக இருக்கிறதாம். சும்மா சொல்லக்கூடாது, அங்கே நல்ல வெளிச்சம்தான்.